இ.ஜி.ஆர் வால்வு: காரின் புகை மறுபடியும் இன்ஜினுக்குள்ளேயே போவது ஏன்? அதை அடைத்துவிடலாமா?

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான கதைதான். ஓடோமீட்டர் 80 ஆயிரம், 90 ஆயிரம் கிலோமீட்டரைத் தொட்டிருக்கும். ஒருநாள் காலையில் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரியும். மேம்பாலம் ஏறும்போது பிக்கப் குறைந்த மாதிரி இருக்கும். மெக்கானிக் ஷெட்டில் விட்டால், ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு அவர் சொல்வார்:

"சார், இ.ஜி.ஆர் வால்வு கரி பிடிச்சு அடைச்சுக்கிச்சு. புதுசு போட்டா செலவு ஜாஸ்தி. ஒரு தகடு வச்சு மூடி விட்டுடலாம். இனிமே இந்தப் பிரச்னையே வராது."

கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். சைலன்சர் வழியாக வெளியே போக வேண்டிய புகையைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே விடுகிற பாகம் எதற்கு? அது இன்ஜினுக்குக் கெடுதல்தானே? கம்பெனிக்காரர்கள் ஏன் அதை வைத்தார்கள்? மூடிவிட்டால் உண்மையில் என்ன ஆகும்?

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இ.ஜி.ஆர் என்றால் என்ன?

எக்ஸாஸ்ட் கேஸ் ரீசர்குலேஷன் என்பதன் சுருக்கம்தான் இ.ஜி.ஆர். இன்ஜினில் எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மட்டும் திருப்பி, புதிதாக உள்ளே வரும் காற்றோடு கலந்து, மறுபடியும் சிலிண்டருக்குள் அனுப்பும் ஏற்பாடு இது.

எரிந்த புகையில் மிச்சமிருக்கும் எரிபொருளை மறுபடி எரிப்பதற்காகத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அது காரணம் அல்ல. சிலிண்டருக்குள் எரியும் தீயின் சூட்டைக் குறைப்பதுதான் இதன் வேலை. சூட்டை ஏன் குறைக்க வேண்டும் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரிந்துவிடும்.

நாம் சுவாசிக்கும் காற்றே எப்படி விஷமாகிறது?

காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் சாதாரண சூட்டில் ஒன்றோடு ஒன்று சேராது. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக மிக உறுதியாகப் பிணைந்து கிடப்பதே காரணம். மே மாத வெயில் எவ்வளவு அடித்தாலும் அந்தப் பிணைப்பு உடையாது.

ஆனால் இன்ஜின் சிலிண்டருக்குள் நிலைமை வேறு. எரிபொருள் பற்றிக்கொள்ளும் அந்தக் கணத்தில் தீப்பிழம்பின் சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் நைட்ரஜனின் பிணைப்பு உடைந்து, அது ஆக்சிஜனோடு சேர்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. சுருக்கமாக 'நாக்ஸ்' என்பார்கள்.

இந்த வேதிவினையை 1940களில் விளக்கியவர் சோவியத் இயற்பியலாளர் யாகோவ் செல்டோவிச். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், வினையின் வேகம் சூட்டைப் பொறுத்தது. சுமார் 1,500 டிகிரிக்குக் கீழே இது மிக மெதுவாகத்தான் நடக்கும். அதற்கு மேலே போகப் போக மளமளவென்று எகிறும். அதனால் உச்ச சூட்டைச் சில நூறு டிகிரி குறைத்தாலே நாக்ஸ் பெருமளவு குறைந்துவிடும்.

இன்னொன்று, இந்த விஷம் பெரும்பாலும் டீசலிலிருந்து வருவதில்லை, காற்றிலிருந்து வருகிறது. ஆகவே 'நல்ல பங்க்கில் டீசல் போட்டால் சரியாகிவிடும்' என்ற வைத்தியம் இங்கே செல்லாது.

சூடான புகையை உள்ளே விட்டால் சூடு கூடத்தானே செய்யும்?

எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. பதில்: குறையும். காரணம் இரண்டு.

முதல் காரணம், ஆக்சிஜன் குறைகிறது. எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் அதிகம். சிலிண்டருக்குள் போகும் காற்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புகையை நிரப்பினால், தீக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நீர்த்துப்போகிறது. எரிபொருள் கொஞ்சம் நிதானமாக எரிகிறது. டீசல் இன்ஜினில் நாக்ஸ் குறைவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இரண்டாவது காரணம், சூட்டை வாங்கிக்கொள்ளும் திறன். ஒரே அடுப்பு, ஒரே தீ. ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் சீக்கிரம் கொதிக்கும். ஒரு குடம் தண்ணீர் வைத்தால் நேரமாகும். கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சாதாரண காற்றைவிட அதிக வெப்பத்தை உள்வாங்கும். அவை தாமாக எரியாது, ஆனால் சூட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் தீப்பிழம்பின் உச்ச சூடு இறங்குகிறது.

வெளியே வரும்போது புகை சில நூறு டிகிரி சூடாக இருப்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான டீசல் கார்களில் அது அப்படியே உள்ளே போவதில்லை. வழியில் 'இ.ஜி.ஆர் கூலர்' என்ற குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் அதே கூலன்ட் இதற்குள்ளும் ஓடி, புகையின் சூட்டை இறக்கிவிடுகிறது.

வால்வு எப்போது திறக்கும், எப்போது மூடும்?

இந்த ஏற்பாட்டின் வாசல்தான் இ.ஜி.ஆர் வால்வு. பழைய கார்களில் இன்ஜினின் வேக்வம் இழுப்பு இதைத் திறந்து மூடியது. இப்போதைய கார்களில் ஒரு சின்ன மின் மோட்டார் அதைச் செய்கிறது. எவ்வளவு திறக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது ஈ.சி.யு எனப்படும் இன்ஜினின் கம்ப்யூட்டர். உள்ளே வரும் காற்றின் அளவு, இன்ஜினின் சூடு, ஆக்சிலரேட்டரில் கால் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதையெல்லாம் சென்சார்கள் மூலம் பார்த்து, நொடிக்குப் பல தடவை அது முடிவெடுக்கிறது.

நடைமுறையில் எப்படி என்று பார்த்தால்:

* காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது: எரிதல் சீராகும் வரை பெரும்பாலும் மூடியிருக்கும், அல்லது குறைவாகத் திறக்கும்.
* நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நிதானமாகப் போகும்போது: நன்றாகத் திறந்திருக்கும்.
* லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது: மூடிவிடும். அப்போது இன்ஜினுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் முழுவதும் தேவை.

அதாவது முழு பவர் கேட்கும் நேரத்தில் இ.ஜி.ஆர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். 'இ.ஜி.ஆர் இருந்தால் பவர் கிடைக்காது' என்ற பேச்சு, நன்றாக வேலை செய்கிற வால்வைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரியல்ல. கெட்டுப்போன வால்வுக்குத்தான் அது பொருந்தும்.

டீசல் இன்ஜினில் லேசான சுமையில் ஓடும்போது, உள்ளே போவதில் பாதி அளவுவரை கூட இந்தப் புகை இருக்கலாம். பெட்ரோல் இன்ஜினில் இது பெரும்பாலும் 5 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்கும்.

பெட்ரோல் காரில் இது தேவையா?

பெட்ரோல் காரில் நாக்ஸைச் சமாளிக்க வேறு ஒரு வசதி இருக்கிறது. சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர், நாக்ஸை மறுபடியும் நைட்ரஜனாக மாற்றிவிடும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கக் கூடாது. பெட்ரோல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் கணக்காகக் கலப்பதால் அது சாத்தியம்.

டீசல் இன்ஜின் எப்போதுமே தேவைக்கு அதிகமான காற்றோடு ஓடுவது. புகையில் ஆக்சிஜன் தாராளமாக மிஞ்சும். அதனால் அந்த கன்வெர்ட்டர் டீசலில் நாக்ஸிடம் தோற்றுவிடும். ஆகவே டீசல் காரில் நாக்ஸை உருவாகும் இடத்திலேயே தடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு இ.ஜி.ஆர்தான் முதல் ஆயுதம்.

பெட்ரோலிலும் இ.ஜி.ஆர் உண்டு. டொயோட்டா ப்ரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில், மைலேஜைக் கூட்டவும் 'நாக்கிங்' வராமல் தடுக்கவும் குளிர்விக்கப்பட்ட இ.ஜி.ஆர் பயன்படுகிறது.

இது எப்படி வந்தது?

கதை தொடங்குவது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில். 1940களில் அங்கே பழுப்பு நிறப் புகைமூட்டம் நகரத்தை மூடியது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. கார் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஹைட்ரோகார்பன்களும் வெயில் பட்டதும் வினைபுரிந்து ஓசோனை உருவாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் காட்டியவர், கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மிட்.

1970இல் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த சில ஆண்டுகளில் அங்கே விற்பனையான கார்களில் இ.ஜி.ஆர் இடம்பிடித்தது.

இந்தியாவில் பிஎஸ்-4 விதியில் டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நாக்ஸ் வரை விடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் அமலான பிஎஸ்-6 விதியில் அது 0.08 கிராம். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதைத் தொடுவதற்கு இ.ஜி.ஆருடன், காரைப் பொறுத்து, யூரியா கரைசலைப் பீய்ச்சும் எஸ்.சி.ஆர் போன்ற கூடுதல் வசதிகளையும் கம்பெனிகள் வைக்கின்றன.

சரி, அடைத்துக்கொள்வது ஏன்?

மெக்கானிக் சொல்லும் புகார் பொய்யல்ல. டீசல் புகையில் கரித்துகள் உண்டு. இன்னொரு பக்கம், இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து வரும் ஆயில் ஆவியும் காற்று போகும் பாதையில்தான் விடப்படுகிறது. கரியும் ஆயிலும் ஒன்று சேர்ந்தால் தார் மாதிரி ஒரு பசை. அது வால்விலும், இன்டேக் மேனிஃபோல்டிலும் அப்பிக்கொண்டே போகும்.

இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. இ.ஜி.ஆர் அளவைக் கூட்டினால் நாக்ஸ் குறையும், ஆனால் ஆக்சிஜன் குறைவதால் கரி கூடும். குறைத்தால் கரி குறையும், நாக்ஸ் கூடும். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எழும்புகிறது. அந்தக் கரியைப் பிடிக்கத்தான் டி.பி.எஃப் எனப்படும் ஃபில்டர்.

தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே, அதுவும் டிராஃபிக்கில் ஊர்ந்து ஓடும் கார்களில் இந்த அடைப்பு சீக்கிரம் வரும். இன்ஜின் முழுசாகச் சூடாவதற்கு முன்பே நிறுத்திவிடுவதால் கரி எரிந்து போக வாய்ப்பே கிடைப்பதில்லை.

அறிகுறிகள் எப்படி இருக்கும்?

* வால்வு திறந்த நிலையில் சிக்கினால்: ஐடிலிங்கில் இன்ஜின் தடதடக்கும், சில நேரம் நின்றுவிடும், கறுப்புப் புகை வரும், பிக்கப் போகும்.
* மூடிய நிலையில் சிக்கினால்: ஓட்டுபவருக்குப் பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். செக் இன்ஜின் லைட் எரியும். நாக்ஸ் எகிறும்.
* கூலர் கசிந்தால்: வெளியே சொட்டு இல்லாமலே கூலன்ட் குறைந்துகொண்டே வரும்.

மூன்றாவதை அலட்சியம் செய்யவே கூடாது. 2018இல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. இ.ஜி.ஆர் கூலரில் கசிந்த கூலன்ட் கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டு எரிந்ததுதான் காரணம் என்று அந்த நிறுவனம் விளக்கியது. அங்கே 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்பப் பெறப்பட்டன. பின்னர் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களுக்கு இந்த நடவடிக்கை விரிந்தது.

தகடு வைத்து மூடினால் என்ன ஆகும்?

முதலில், மூடச் சொல்பவர்கள் சொல்லும் நன்மைகளில் உண்மை இருக்கிறது. இன்டேக் பாதையில் கரி படிவது குறையும். கெட்டுப்போயிருந்த வால்வு என்றால் பிக்கப் திரும்பியது தெரியும். சைலன்சரில் கறுப்புப் புகைகூட குறையும்.

ஏமாற்றம் இங்கேதான். கறுப்புப் புகை கண்ணுக்குத் தெரியும். நைட்ரிக் ஆக்சைடுக்கு நிறமில்லை. 'புகையே வரலை, வண்டி சூப்பர் கண்டிஷன்' என்று ஓனர் சந்தோஷப்படும் அதே நேரத்தில், அந்தக் காரிலிருந்து நாக்ஸ் முன்னைவிட அதிகமாக வெளியேறிக்கொண்டிருக்கும்.

பியுசி சோதனையில் மாட்டாதா? மாட்டாது. டீசல் காருக்கான பியுசி சோதனை புகையின் கருமையை மட்டுமே அளக்கிறது. நாக்ஸை அளப்பதில்லை. இ.ஜி.ஆர் மூடப்பட்ட கார் அந்தச் சோதனையில் சுலபமாகப் பாஸ் ஆகிவிடும். ஆகவே கையில் இருக்கும் பியுசி சர்டிஃபிகேட்டை வைத்து, வண்டி காற்றைக் கெடுக்கவில்லை என்று முடிவுக்கு வர முடியாது.

காருக்கும் வேறு சிக்கல்கள் வரும். புகை வரவில்லை என்பதை ஈ.சி.யு கண்டுபிடித்துவிடும். 'பி 0401' என்ற எரர் கோடு வரும், லைட் எரியும். சில கார்கள் பவரைக் குறைத்து 'லிம்ப் மோடு'க்குப் போய்விடும். அதைத் தவிர்க்க சாஃப்ட்வேரையும் மாற்றச் சொல்வார்கள். பிஎஸ்-6 கார்களில் இ.ஜி.ஆர், டி.பி.எஃப், எஸ்.சி.ஆர் எல்லாம் ஒன்றை ஒன்று நம்பி வடிவமைக்கப்பட்டவை. ஒன்றைக் கழற்றினால் மற்றவற்றின் கணக்கும் தப்பும். வாரண்டியும் போகும்.

சட்டப்படியும் இது தவறு. காற்று மாசு தரநிலைகளை மீறி வாகனம் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

கம்பெனிகளே இதைச் செய்ததுண்டு

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 2015இல் உலகையே உலுக்கிய ஃபோக்ஸ்வேகன் மோசடியின் அடிப்படையும் இதுபோன்றதுதான். ஆய்வகத்தில் டெஸ்ட் நடக்கிறது என்று கார் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் மாசுக் கட்டுப்பாட்டு வசதிகள் முழுசாக வேலை செய்யும். சாலைக்கு வந்ததும் தளர்ந்துவிடும். அமெரிக்காவில் சில கார்கள் அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை நாக்ஸ் விட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறியது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த சாஃப்ட்வேர் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அதன் பிறகும் கதை முடியவில்லை. ஆஸ்திரியாவிலிருந்து சில வழக்குகள் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு வந்தன. அந்த நிறுவனத்தின் கார்களில் வெளிச் சூடு 15 முதல் 33 டிகிரிக்குள் இருந்தால்தான், அதுவும் 1,000 மீட்டர் உயரத்துக்குக் கீழே ஓடினால்தான், இ.ஜி.ஆர் முழுசாக வேலை செய்யும்படி சாஃப்ட்வேர் எழுதப்பட்டிருந்தது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஆண்டின் பெரும்பகுதி 15 டிகிரிக்குக் கீழேதான். அங்கே பல ஊர்கள் மலைமேல்தான்.

ஏன் இப்படி? வால்வு அடைத்துக்கொள்ளாமல், சீக்கிரம் தேயாமல் இருக்கத்தான் என்று வாதிட்டார்கள். அதாவது மெக்கானிக் சொன்ன அதே காரணம்.

2022 ஜூலை 14 அன்று நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. இன்ஜினுக்குத் திடீர் சேதமோ விபத்தோ ஏற்பட்டு, ஓட்டுபவருக்கே ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டுமே இப்படிக் குறைக்கலாம், வால்வைப் போன்ற ஒரு பாகம் அழுக்காகாமல் காப்பாற்றுவதற்காகக் குறைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

நாக்ஸ் யாரைப் பாதிக்கிறது?

நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயில் அழற்சியை உண்டாக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு இழுப்பைக் கூட்டும். வெயில் பட்டால் தரைமட்ட ஓசோனாகவும், காற்றில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நுரையீரலுக்குள் போகும் நுண்துகள்களாகவும் மாறும்.

நைட்ரஜன் டை ஆக்சைடின் ஆண்டு சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவின் தேசிய அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் பரிந்துரையை 40இலிருந்து 10 ஆகக் குறைத்தது. முன்பு நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே பாதிப்பு வருகிறது என்பதே அதற்குக் காரணம்.

இந்தப் பாதிப்பு, கண்ணாடியை ஏற்றி ஏ.சி போட்டு ஓட்டுபவரைவிட, சிக்னலில் பின்னால் நிற்கும் பைக்காரருக்கும், சாலையோரம் கடை போட்டிருப்பவருக்கும், பள்ளி வாசலில் நிற்கும் குழந்தைக்கும்தான் அதிகம்.

அப்படியானால் என்ன செய்வது?

* லைட் எரிந்ததும் 'வால்வு போச்சு' என்று முடிவு கட்ட வேண்டாம். 'பி 0401' என்றால் புகை போதிய அளவு போகவில்லை என்றுதான் அர்த்தம். அடைத்திருப்பது குழாயாக இருக்கலாம், கூலராக இருக்கலாம், காற்றை அளக்கும் சென்சார் அழுக்காகியிருக்கலாம். என்ன கோடு வந்தது என்று மெக்கானிக்கிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.
* முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மோட்டார் நல்ல நிலையில் இருந்தால், வால்வைக் கழற்றி கார்பன் கிளீனிங் செய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். புது வால்வை விட இதற்குச் செலவு மிகக் குறைவு. மாட்டிய பிறகு ஸ்கேனரில் வால்வின் நிலையை ரீசெட் செய்யவும் சொல்ல வேண்டும்.
* ஊருக்குள்ளேயே ஓடும் டீசல் காரை அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாவது சீரான வேகத்தில் ஓட்டுங்கள்.
* கார் கையேட்டில் சொன்ன தரத்தில் இன்ஜின் ஆயில் போடுங்கள், நேரத்துக்கு மாற்றுங்கள்.
* காரணமே தெரியாமல் கூலன்ட் குறைந்தால் 'டாப் அப்' செய்துவிட்டு மறந்துவிட வேண்டாம். இ.ஜி.ஆர் கூலரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.
* செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வாங்கினால், இ.ஜி.ஆர் மூடப்பட்டிருக்கிறதா, சாஃப்ட்வேர் மாற்றப்பட்டிருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.
* தினமும் ஓடுவது பத்து கிலோமீட்டருக்கும் குறைவு என்றால், அடுத்த கார் டீசலாக இருக்க வேண்டுமா என்று ஒரு தடவை யோசியுங்கள். அந்த ஓட்டத்துக்கு டீசல் இன்ஜின் பொருந்துவதில்லை.

அடுத்த முறை "ஒரு தகடு போட்டு மூடிடலாமா சார்?" என்று மெக்கானிக் கேட்டால், "கழற்றி கிளீன் பண்ணிப் பாருங்கண்ணே, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பல நேரங்களில் அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.